உள்மூலையின் விலை

பிலிப் துஃபோர் செய்த ‘சிம்ப்ளிசிட்டி’ கடிகாரத்தின் முகப்பில் பார்ப்பதற்கு அதிகம் ஒன்றுமில்லை. மணி முள், நிமிட முள், கீழே விநாடிக்கென்று ஒரு சிறு வட்டம்; தேதிகூடக் கிடையாது. விவரம் தெரிந்தவர்கள் கையில் வாங்கியதும் அதைத் திருப்பிவிடுவார்கள். பின்மூடியில் சஃபயர் கண்ணாடி பதித்திருக்கும். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு அவர்கள் முதலில் தேடுவது ஓடும் சக்கரங்களைக்கூட அல்ல. அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் ‘பிரிட்ஜ்’ எனும் பாலத் தகடுகளின் விளிம்பை. அந்த விளிம்பு நெடுகச் சரிவாக இழைக்கப்பட்டு மின்னும். இரண்டு சரிவுகள் உள்வாங்கிச் சந்திக்கும் இடத்தில் மழுங்கலோ வளைவோ இல்லாமல் ஒரே ஒரு கூரிய கோடு ஓடும். அந்த உள்மூலையைப் பார்த்த பிறகுதான் பேச்சே தொடங்கும்.

கணினி ஓட்டும் வெட்டுப்பொறியால் இந்தக் கோட்டைப் போட முடியாது. அதன் வெட்டுமுனை சுழல்வது. சுழலும் முனை உள்மூலைக்குள் போனால் வட்டத் தடத்தைத்தான் விட்டுவரும். முனையை எவ்வளவு மெல்லியதாக்கினாலும் வளைவு சிறுக்குமே தவிர மறையாது. மூலை கூராக வேண்டுமானால் ஆள் உட்கார வேண்டும். முதலில் அரம், பிறகு எண்ணெய்க்கல், பிறகு வரவர நைசான எமரித் தாள், கடைசியில் குச்சி நுனியில் வைரப் பசை. ஒரு பக்கச் சரிவைத் தேய்க்கும்போது கை மயிரிழை தாண்டினாலும் மறுபக்கத்துக் கோடு மழுங்கிவிடும். திரும்ப அரத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான். கடைசி மெருகுக்குத் துஃபோர் ஜென்ஷன் என்னும் மலைச்செடியின் காய்ந்த தண்டைச் சீவி வைத்துக்கொள்வார். சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப் பகுதியில், அவர் பட்டறை இருக்கும் ஜூ பள்ளத்தாக்கிலேயே முளைக்கிற செடி அது.

இவ்வளவு பாடுபட்டாலும் கடிகாரம் ஒரு விநாடிகூடக் கூடுதல் ஒழுங்காக ஓடப்போவதில்லை. சிம்ப்ளிசிட்டி வெளிவந்தது 2000-இல். அதன் இருபதாம் ஆண்டு நினைவாகச் செய்யப்பட்ட ஒன்று 2020 நவம்பரில், ஜெனீவாவில் நடந்த ஃபிலிப்ஸ் ஏலத்தில், 13 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. சில நூறு ரூபாய்க் குவார்ட்ஸ் கடிகாரம் இதைவிடச் சரியாக நேரம் காட்டும் என்பது வாங்கியவருக்குத் தெரியாததல்ல. அப்படியானால் அவர் வாங்கியது எதை? உழைப்பை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் உழைப்புக்கு மட்டும் இந்த விலை கிடைப்பதாக இருந்தால் உலகில் பணக்காரர்களே வேறாக இருந்திருப்பார்கள். இயந்திரத்தால் எங்கே நுழைய முடியவில்லையோ அந்த இடத்துக்குத்தான் இங்கே விலை. இன்றைய ஆடம்பர மெக்கானிக்கல் கடிகாரத்தின் கதை, அந்த இடம் சுருங்கிச் சுருங்கி ஒரு மூலைக்குள் வந்து நின்ற கதை.

தொடக்கத்தில் இந்த மெருகு வெறும் அலங்காரமாக வரவில்லை. வெட்டிய உலோகத்தின் ஓரத்தில் பிசிர் நிற்கும். அது என்றாவது ஒருநாள் உதிர்ந்து பல்சக்கரத்துக்குள் சிக்கும். ஆகவே ஓரத்தைச் சரித்து இழைத்தார்கள். மெருகேறிய எஃகில் துரு சீக்கிரம் பிடிக்காது. சக்கர அச்சின் நுனியை அழுத்தித் தேய்த்து மெருகேற்றினால் உராய்வு குறையும், நுனியும் கெட்டிப்படும். இது இன்றைக்கும் செல்லுபடியாகும் காரணம். ஜூரா மலையில் பனிக்காலத்தில் வயல் வேலை கிடையாது. பண்ணை வீடுகளின் சன்னலோரத்தில் உட்கார்ந்து குடும்பம் குடும்பமாகக் கடிகார உறுப்புகளைச் செய்தார்கள். ஒரு வீட்டில் திருகு, இன்னொரு வீட்டில் பல்சக்கரம், வேறொரு வீட்டில் மெருகு. யார் பெயரும் எங்கும் பொறிக்கப்படவில்லை. கடிகாரத்தில் இருந்தது வியாபாரியின் பெயர்தான். ஜெனீவாவில் 1886-இல் வந்த ‘ஜெனீவா முத்திரை’கூட, அந்த ஊர்ப் பெயரைப் போட்டு விற்ற போலிகளைத் தடுக்க எழுந்ததுதான். போகப்போக அதன் விதிகளில் விளிம்பு மெருகும் திருகுத் தலை மெருகும் ஏறி உட்கார்ந்துகொண்டன.

1969 டிசம்பர் 25 அன்று சைகோ டோக்கியோவில் ‘ஆஸ்ட்ரான்’ என்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. விலை 4,50,000 யென். அன்று ஒரு சிறு கார் வாங்கக்கூடிய பணம். பிசகு மாதத்துக்கு 5 விநாடி. மெக்கானிக்கல் கடிகாரங்களுக்குச் சுவிட்சர்லாந்தில் நடக்கும் அதிகாரபூர்வமான சோதனையோ நாளொன்றுக்கு 4 விநாடி பின்தங்கலையும் 6 விநாடி முந்தலையும் இன்றும் அனுமதிக்கிறது. நியாயமாகப் பார்த்தால் அதுவே பெரிய காரியம். விநாடிக்கு 8 தடவை, நாளுக்கு 6,91,200 தடவை அடிக்கும் ஒரு சிறு பேலன்ஸ் சக்கரம், கையோடு சேர்ந்து குலுங்கியும் வெயிலில் காய்ந்தும், 86,400 விநாடிகளில் ஐந்தைத்தான் தவறவிடுகிறது. ஆனால் மாதக் கணக்கில் அது இரண்டரை நிமிடம். இன்றைய குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. இங்கே போட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை.

சுவிஸ்காரர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்று பலர் எழுதுவது சரியல்ல. நூஷாத்தலில் இருந்த அவர்களுடைய ஆய்வு மையம் 1967-லேயே குவார்ட்ஸ் கைக்கடிகார மாதிரியைச் செய்து முடித்திருந்தது. தொழில்நுட்பத்தில் அவர்கள் பின்தங்கவில்லை. நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளாகச் சிதறிக் கிடந்த தொழிலை ஒரே மூச்சில் திருப்ப முடியவில்லை, அவ்வளவுதான். 1970 வாக்கில் 90,000 பேருக்கு வேலை கொடுத்த தொழில், 1980-களின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியது. இந்த அலையின் நம் ஊர்ப் பக்கம் ஓசூரில் தெரிகிறது. டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், குவார்ட்ஸை நம்பித்தான் களத்தில் இறங்கியது. தினம் காலையில் சாவி கொடுத்துவந்த எச்.எம்.டி.யை மேசை அறைக்குள் போட்டுவிட்டு டைட்டனுக்கு மாறிய வீடுகளில் யாரும் ஒரு கைவினை மறைகிறதென்று கண்ணீர் விட்டதாக நினைவில்லை. சாவி கொடுக்கிற வேலை மிச்சம் என்றுதான் பேச்சு. எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தபோதுதான் பழைய ‘ஜனதா’வைத் தேடி அலைச்சல் தொடங்கியது.

சுவிட்சர்லாந்து பிழைத்ததற்கு ஒரு காரணம் 1983-இல் வந்த ஸ்வாட்ச். 51 உறுப்புகளே கொண்ட பிளாஸ்டிக் குவார்ட்ஸ் கடிகாரம். இன்னொரு காரணம், அதற்கு நேரெதிரான பந்தயம். 1982-இல் ழான்-க்ளோத் பிவேரும் ழாக் பிகேயும், இயங்காமல் கிடந்த ப்ளாங்பேன் என்ற பழைய பெயரைச் சொற்ப விலைக்கு வாங்கி, இந்தப் பெயரில் குவார்ட்ஸ் கடிகாரம் வந்ததே இல்லை, வரப்போவதும் இல்லை என்று விளம்பரம் செய்தார்கள். பத்து வருடத்தில் அதைப் பல கோடி பிராங்குக்கு விற்கவும் செய்தார்கள். வியாபார மூளைக்காரர்கள் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் மெக்கானிக்கல் கடிகாரம் இனிமேல் நேரத்துக்காக விற்காது என்பதை அவர்களே முதலில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள். நேரம் போனபின் விற்க என்ன மிஞ்சும்? உள்ளே இருக்கும் பொறி. அதுவரை மூடியிருந்த பின்பக்கம் 1980, 90-களில் கண்ணாடியானது இதன் தொடர்ச்சிதான். பார்வைக்கு வந்துவிட்டதால் மெருகுக்குப் பார்வையாளர்கள் கிடைத்தார்கள். பார்வையாளர்கள் வந்துவிட்டதால் மெருகின் நோக்கமே மாறியது.

இந்த மாற்றத்தை முழுமையாகக் காட்டும் இடம் சுவிட்சர்லாந்தில் இல்லை. ஜெர்மனியின் சாக்சனியில், டிரெஸ்டனுக்குத் தெற்கே மலைக்குள் ஒடுங்கியிருக்கும் க்ளாஸ்ஹூட்டே என்ற சிற்றூரில் இருக்கிறது. சுரங்கத்தில் தாது தீர்ந்து பஞ்சம் பிடித்திருந்த அந்த ஊருக்கு 1845 டிசம்பர் 7 அன்று ஃபெர்டினாண்ட் அடால்ஃப் லாங்கே வந்தார். அரசாங்கக் கடன் வாங்கி, கடிகாரம் என்றால் என்னவென்று தெரியாத 15 பிள்ளைகளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்துப் பட்டறை போட்டார். அடுத்த நூறு ஆண்டில் லாங்கே என்பது ஐரோப்பாவின் முதல்தரப் பெயர்களில் ஒன்று. 1945 மே 8, ஐரோப்பாவில் போர் முடிந்த அதே நாளில், சோவியத் குண்டுவீச்சில் தலைமைப் பட்டறை இடிந்தது. 1948-இல் சோவியத் ஆக்கிரமிப்புப் பகுதி நிர்வாகம் தொழிலை எடுத்துக்கொண்டது. நிறுவனரின் கொள்ளுப்பேரன் வால்டர் லாங்கே, யுரேனியச் சுரங்க வேலைக்கு அனுப்பப்படும் ஆபத்திலிருந்து தப்பி மேற்கே ஓடினார். கடிகார முகப்பிலிருந்து குடும்பப் பெயர் மறைந்துபோனது.

பெர்லின் சுவர் விழுந்து ஒரு வருடம் கழித்து, 1990 டிசம்பர் 7 அன்று, அதே தேதியைப் பார்த்து வால்டர் லாங்கே நிறுவனத்தைத் திரும்பப் பதிவு செய்தார். அவருக்கு வயது 66. கட்டடம் இல்லை, ஆட்கள் இல்லை, விற்கக் கடிகாரமும் இல்லை. கூட இருந்தவர் குந்தர் ப்ளூம்லைன் என்ற நிர்வாகி. சுவிஸ் நிறுவனங்கள் இரண்டைச் சரிவிலிருந்து நிமிர்த்திய கெட்டிக்காரர். நான்கு வருடம் இருவரும் வாயைத் திறக்கவில்லை. 1994 அக்டோபர் 24 அன்று டிரெஸ்டன் அரண்மனையில் நான்கு மாதிரிகளை வெளியிட்டார்கள். அவற்றில் ‘லாங்கே 1’ இன்றுவரை நிறுவனத்தின் அடையாளம். மணிவட்டம் நடுவில் இல்லாமல் ஒருபக்கம் ஒதுங்கியிருக்கும். இரண்டு தனித் தகடுகளில் பெரிய தேதி தெரியும். டிரெஸ்டன் செம்பர் ஆப்பரா மேடைக்கு மேலே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண் மாற்றும் கடிகாரம் ஒன்று உண்டு; தேதி அமைப்புக்கு அதுதான் மாதிரி.

ஆனால் ஆர்வலர்கள் இன்றும் கைகூப்புவது 1999-இல் வந்த ‘டாட்டோகிராஃப்’ என்ற நிறுத்துகடிகாரத்துக்கு. அன்று படேக் ஃபிலிப் போன்ற உச்சிப் பெயர்கள்கூட நிறுத்துகடிகாரத்துக்கான அடிப்படைப் பொறியை வெளியே லெமானியா என்ற நிறுவனத்திடம் வாங்கி, அதைத் தங்கள் முறையில் மெருகேற்றிக்கொண்டிருந்தன. ஒன்பது வருடம் முன்புவரை ஆளே இல்லாதிருந்த ஒரு பட்டறை 405 உறுப்புகள் கொண்ட சொந்தப் பொறியோடு வந்து நின்றதில் சுவிஸ்காரர்களுக்கு ஏற்பட்ட சங்கடத்தை ஊகிக்கலாம். அந்த லெமானியா பொறிக்கு மாற்றாகப் படேக் தன் சொந்தப் பொறியை வெளியிட இன்னும் பத்து வருடம் ஆனது.

டாட்டோகிராஃபின் பின்பக்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தகடுகள் செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த ஜெர்மன் சில்வர். முலாம் கிடையாது, காலம் போகப்போகச் சற்றே மஞ்சள் ஏறும். மாணிக்கக் கற்கள் தங்க வளையங்களில் உட்கார்ந்திருக்க, வளையங்களை நீலம் பாய்ந்த திருகுகள் பிடித்திருக்கும். அந்த நீலம் வண்ணப் பூச்சல்ல. எஃகைச் சூடேற்றும்போது குறிப்பிட்ட வெப்பத்தில் தானாக எழும் நிறம், ஒரு கணம் தாமதித்தால் சாம்பல் நிறமாகிவிடும். நிறுத்துகடிகாரத்தின் நெம்புகோல்கள் ஒன்றன் மேலொன்றாகப் பல தளங்களில் போகின்றன. மேற்பரப்பில் நேர்கோட்டு வரிகள், ஓரத்தில் சரிவு, அங்கங்கே உள்மூலைகள். பொத்தானை அழுத்தினால் இந்த எஃகு முழுதும் அடுத்தடுத்து அசைவது கண்ணுக்குத் தெரியும். பேலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் பாலத்தில் மட்டும் பூவேலை, வரைபடம் ஒட்டாமல் உளியால் நேரடியாகச் செதுக்கியது. எந்தப் பாலம் எந்தக் கலைஞர் செதுக்கியது என்று அந்தப் பட்டறைக்காரர்கள் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு பழக்கமும் அங்கே உண்டு. கடிகாரத்தை முழுதும் பூட்டி, ஓடவிட்டு, சரிசெய்து, பிறகு மொத்தத்தையும் அவிழ்த்துவிடுகிறார்கள். உறுப்புகளைக் கழுவி, கடைசி மெருகைக் கொடுத்து, இரண்டாம் முறை பூட்டுகிறார்கள். முலாம் இல்லாத ஜெர்மன் சில்வரில் முதல் பூட்டலின்போது விழும் கீறலும் விரல் தடமும் போக வேறு வழியில்லை என்பது தொழில்நுட்பக் காரணம். அந்தத் தகடுகளுக்கு முலாம் பூசிவிட்டால் இந்தத் தலைவலி பாதி தீர்ந்துவிடும் என்பதும் உண்மை. கடினமான உலோகத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்து, பிறகு அது கேட்கும் உழைப்பைப் பெருமையாகக் காட்டுவதில் ஒரு பிடிவாதம் இருக்கிறது. எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருக்கிறது. அதை வேறு பெயரால் அழைக்கத் தேவையில்லை.

துஃபோர் இந்த டாட்டோகிராஃபை வெளிப்படையாகப் புகழ்ந்து, தானும் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டார். அது இந்த உலகில் பட்டயம் கிடைத்ததற்குச் சமம். 1948-இல் பிறந்தவர் அவர். பெரிய நிறுவனங்களில் வேலை பார்த்து, பழைய கடிகாரங்களைப் பழுதுபார்த்துக் கற்றுக்கொண்டவர். 1980-களில், அடித்து மணி சொல்லும் சிக்கலான பைக் கடிகாரங்கள் ஐந்தை ஓடெமார் பிகே நிறுவனத்துக்குச் செய்துகொடுத்தார். முகப்பில் வந்தது அவர்கள் பெயர். 1992-இல் அதே அமைப்பைக் கைக்கடிகாரத்துக்குள் அடக்கியபோதுதான் தன் பெயரைப் போட்டார். சிம்ப்ளிசிட்டி இருநூறுக்குச் சற்று மேல்தான் செய்யப்பட்டது. பெரும்பகுதியை வாங்கியவர்கள் ஜப்பானியர்கள். குவார்ட்ஸால் சுவிட்சர்லாந்தைச் சாய்த்த நாடு, சுவிஸ் கைவேலையை மற்ற எவருக்கும் முன்னால் அடையாளம் கண்டது. அதோடு நிற்கவுமில்லை. நாகானோ மலைப் பகுதியில், ஷியோஜிரியில் இருக்கும் சைகோ எப்சன், ‘மைக்ரோ ஆர்ட்டிஸ்ட் ஸ்டுடியோ’ என்று சிறு பட்டறை ஒன்றை அமைத்தது; அதன் கலைஞர்கள் துஃபோரிடமே மெருகு நுணுக்கம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அங்கிருந்து வந்த ‘க்ரெடோர் ஐச்சி’யின் விளிம்புகளில் அந்தப் பாடம் தெரிகிறது.

கையின் தடம் தெரிய வேண்டுமா, மறைய வேண்டுமா? இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. இங்கிலாந்துக்குப் பக்கத்தில் மான் தீவில் இருந்த ஜார்ஜ் டேனியல்ஸ், ஒரு கடிகாரத்தின் எல்லா உறுப்புகளையும் தானே செய்த மேதை, 2011-இல் மறைந்தார். இளைஞர் ரோஜர் ஸ்மித் தான் தனியாகச் செய்த முதல் பைக் கடிகாரத்தைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினார். டேனியல்ஸ் ஏற்கவில்லை. அது கையால் செய்ததுபோல் இருக்கிறது என்பதுதான் குறை! நல்ல கடிகாரம் யாரும் தொட்டுச் செய்ததுபோல் தெரியக்கூடாது, அப்படியே உருவாகி வந்ததுபோல் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஸ்மித் திரும்பிப் போய் அடுத்த கடிகாரத்துக்கு ஐந்து வருடத்துக்கு மேல் செலவிட்டார். அதைப் பார்த்த பிறகே பெரியவர் அவரைச் சேர்த்துக்கொண்டார். ஆக, உச்சக் கைவேலையின் இலக்கணம் கை தெரியாமல் இருப்பது. ஆனால் நல்ல இயந்திரமும் கை தெரியாமல்தான் செய்கிறது. சமதளத்திலும் நேர்க்கோட்டிலும் இரண்டையும் பிரித்துச் சொல்ல லென்ஸுக்கும் முடியாது. இயந்திரம் தோற்கிற இடத்தில்தான் வித்தியாசம் தெரியும். ஆர்வலர்கள் ஏன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மூலையைத் தேடுகிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களாக இந்தத் தேடலுக்குத் தீனி போடுகிறவர்கள் தனிக் கலைஞர்கள். கொசோவோவில் பிறந்து, போர்க்காலத்தில் சிறுவனாக ஜெனீவா வந்து, 15 வயதில் படேக் ஃபிலிப்பில் தொழில் பழகிய ரெஜெப் ரெஜெபி, 2012-இல் ‘அக்ரிவியா’வைத் தொடங்கினார். 2018-இல் அவருடைய ‘க்ரோனோமெத்ர் கோன்டெம்போரேன்’ ஜெனீவா கடிகார விருதுகளில் ஆண்கள் கடிகாரத்துக்கான பரிசை வாங்கியது. ஓய்வுபெற்றிருந்த உறைக் கலைஞர் ழான்-பியேர் ஹாக்மனைத் தன் பட்டறைக்கு அழைத்துவந்து, கடிகாரக் கூட்டைப் பழைய முறையில் செய்யவைத்ததும் அவர்தான். சிமோன் ப்ரெத் 2023-இல் புதுமுக விருது வாங்கிய கடிகாரத்துக்கு வைத்த பெயரே கலைஞர்களைக் குறிப்பது. பண்ணை வீட்டுச் சன்னலோரத்தில் பெயரில்லாமல் இருந்தவர்களுடைய வேலை இப்போது பெயர் சொல்லி விற்கப்படுகிறது. நல்லதுதான். ஆனால் மூலைக்கு மதிப்பு வந்ததும் மூலைகள் பெருகிவிட்டதையும் சொல்ல வேண்டும். பாலத்தின் வடிவம் கேட்காத இடத்திலும் ஒரு கொக்கி வளைவு, அதற்குள் இரண்டு உள்மூலைகள். எண்ணிப் பார்க்கட்டும் என்றே வைத்ததுபோல் இருக்கும். சிம்ப்ளிசிட்டியிலோ டாட்டோகிராஃபிலோ அந்தத் துருத்தல் கிடையாது.

‘கையால் செய்தது’ என்ற உரிமைகோரலையும் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம். பேலன்ஸ் சக்கரத்தோடு சுருண்டு விரியும் ஹேர் ஸ்பிரிங் கடிகாரத்தின் உயிர்நாடி. வெப்பம் மாறினாலும் தன் விறைப்பு மாறாத உலோகக் கலவையில் அதைச் செய்ய வேண்டும். அத்தகைய கலவைகளுக்கு வழி திறந்த ஷார்ல் எதுவார் கியோம் 1920-இல் இயற்பியல் நோபல் பெற்றவர். இன்றும் சுவிஸ் ஹேர் ஸ்பிரிங்குகளில் பெரும்பகுதி ஸ்வாட்ச் குழுமத்தின் நிவரோக்ஸ் ஆலையிலிருந்து வருகிறது. தகடுகளைத் தொடக்கத்தில் வெட்டுவது பெரும்பாலான பட்டறைகளில் கணினிப் பொறிதான், அதில் தப்புமில்லை. முழுக்கக் கையால் என்றால் என்ன ஆகும் என்று க்ரூபெல் ஃபோர்சே நிறுவனம் 2019-இல் செய்து காட்டியது. ‘ஹேண்ட் மேட் 1’ என்ற அந்தக் கடிகாரத்தில் ஹேர் ஸ்பிரிங் உட்பட 95 விழுக்காடு கைக்கருவிகளால் ஆனது. ஒரு கடிகாரத்துக்கு 6,000 மணி நேரம். வருடத்துக்கு இரண்டு மூன்று செய்யலாம், அவ்வளவே.

சந்தையில் நடப்பது வேறு கதை. 2000-இல் சுவிட்சர்லாந்து சுமார் 3 கோடிக் கடிகாரங்களை ஏற்றுமதி செய்து 1,030 கோடி பிராங்க் ஈட்டியது. 2023-இல் எண்ணிக்கை 1.7 கோடிக்கும் கீழே. வருமானமோ 2,670 கோடி. குறையக் குறைய விலை ஏறும் இந்தக் கணக்கைக் கூர்ந்து படித்தவர்கள் சேகரிப்பாளர்களை விட வேகமாக ஓடினார்கள். ஜெரால்ட் ஜென்டா வரைந்த ஓடெமார் பிகேயின் ‘ராயல் ஓக்’ 1972-இலும், படேக்கின் ‘நாட்டிலஸ்’ 1976-இலும், எஃகுக் கடிகாரத்துக்குத் தங்கத்தின் விலையா என்ற முணுமுணுப்போடு பிறந்தவை. 2021 டிசம்பரில், டிஃபனி நீல முகப்பு வைத்த ஒரு நாட்டிலஸ் நியூயார்க்கில் தர்மக் காரியத்துக்காக ஏலம் போய் 65 லட்சம் டாலர் எடுத்தது. கடைவிலை சுமார் 53,000 டாலர். அடுத்த சில மாதங்களில் மறுவிற்பனை விலைகள் உச்சத்துக்குப் போய், 2022-இலேயே இறங்கத் தொடங்கின. இடைப்பட்ட காலத்தில் வேண்டிய கடிகாரத்துக்காக வேண்டாத கடிகாரங்களையும் நகைகளையும் வாங்கிக் கடைக்காரரின் தயவைத் தேடுகிற வழக்கம் பல ஊர்களில் வேர்விட்டது. நாட்டிலஸ் நல்ல கடிகாரம், வடிவத்தில் சாதனை, மறுக்கவில்லை. ஆனால் அந்த 65 லட்சத்தில் மூலைக்கோ மெருகுக்கோ போன பங்கு சொற்பம். சிம்ப்ளிசிட்டியின் 13 லட்சத்தை என்னால் ஓரளவுக்காவது காரணம் சொல்லி விளக்க முடியும். இதை முடியாது.

ஆர்வலர்கள் நடுவே இன்று சூடாக இருக்கும் சண்டை சிலிக்கான் பற்றியது. மெயின் ஸ்பிரிங்கின் விசையைத் துளித்துளியாக விடுவிக்கும் லீவர் அமைப்பில், சக்கரப் பல்லும் மாணிக்கக் கல்லும் வழுக்கி உராய்கின்றன. அதற்கு எண்ணெய் வேண்டும், எண்ணெய் காலப்போக்கில் தடிக்கும், கடிகாரம் தடுமாறும். இந்த உராய்வைக் குறைக்கத்தான் டேனியல்ஸ் ‘கோ-ஆக்சியல்’ அமைப்பைக் கண்டுபிடித்தார். கைக்கருவிகளால் எல்லாம் செய்த அந்த மனிதர் தன் கண்டுபிடிப்பு ஆலையில் பெருமளவில் தயாராக வேண்டும் என்று பல வருடம் கம்பெனி கம்பெனியாக அலைந்தார். 1999-இல் ஒமேகா ஏற்றுக்கொண்டது. இன்னொரு வழி சிலிக்கான். எண்ணெய் வேண்டாம், காந்தம் பாதிக்காது, எடையும் குறைவு. 2001-இல் யூலிஸ் நார்டான் ‘ஃப்ரீக்’கில் தொடங்கியது, 2025-இல் ரோலெக்ஸின் ‘லேண்ட்-ட்வெல்லர்’ வரை வந்துவிட்டது. அதன் ‘டைனாபல்ஸ்’ அமைப்பில் சிலிக்கான் சக்கரங்கள் வழுக்காமல் உருள்கின்றன. விநாடிக்கு 10 அடி. பொறியியலாகப் பார்த்தால் பல பத்தாண்டுகளில் லீவர் அமைப்புக்கு வந்த மிகத் தீவிரமான சவால்களில் ஒன்று. மெருகுப் பித்துப் பிடித்தவர்கள் இதை உதறித்தள்ளுவது சிறுபிள்ளைத்தனம்.

அவர்கள் வாதத்தில் ஒரு பகுதியை மட்டும் எளிதில் தள்ள முடியவில்லை. சிலிக்கான் சக்கரத்தை அரத்தால் செய்ய இயலாது. கணினிச் சில்லு செய்யும் முறையில் செதுக்கி எடுக்க வேண்டும். அது உடைந்தால் ரிப்பேர் கடைக்காரர் வேறொன்றைக் கடைந்து போட முடியாது. செய்த கம்பெனி கொடுத்தால் உண்டு. 1839 முதல் தான் செய்த எந்தக் கடிகாரத்தையும் பழுதுபார்த்துத் தருவதாகப் படேக் ஃபிலிப் சொல்வதும், 150 வருடத்துச் சக்கரத்தைத் திரும்ப வெட்டத் தெரிந்த ஆட்கள் இருக்கும் துணிச்சலில்தான். அத்தகைய ஆட்கள் தானாக முளைப்பதில்லை. 2020-இல் யுனெஸ்கோ ஜூரா மலைப்பகுதியின் மெக்கானிக்கல் கடிகாரக் கலையை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கௌரவம்தான், ஆனால் பட்டியலில் சேர்ப்பதால் யாருக்கும் அரம் பிடிக்க வந்துவிடாது.

ராபர்ட் க்ரூபெல், ஸ்டீபன் ஃபோர்சே, துஃபோர் மூவரும் இதற்குச் செய்த ஏற்பாடு வேறு மாதிரி. தங்கள் பட்டறைக்கு வாரிசு தேடாமல், பாரிஸில் கடிகாரத் தொழில் கற்றுக்கொடுத்துவந்த மிஷேல் பூலான்ஜே என்ற ஆசிரியரைப் பிடித்தார்கள். கணினிப் பொறி எதுவும் இல்லாமல், பழைய கடைசல் இயந்திரமும் கைக்கருவிகளும் மட்டும் வைத்து, ஒரு கடிகாரத்தை முதலிலிருந்து கடைசிவரை செய்ய அவருக்குக் கற்றுத்தந்தார்கள். மாணவர்களுக்கு அதை அவர் சொல்லித்தர வேண்டும் என்பது ஒப்பந்தம். ‘நேசான்ஸ் தூன் மோந்த்ர்’ என்ற அந்தத் திட்டத்தில் பயிற்சிக்காகச் செய்த முதல் கடிகாரம் 2016-இல் ஹாங்காங்கில் கிறிஸ்டிஸ் ஏலத்துக்கு வந்து 14 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. விற்பனைக்கென்று பூலான்ஜே செய்ய வேண்டியிருந்தது 11 கடிகாரங்கள். அவை ஒவ்வொன்றாக முடிந்துவந்த வருடங்களில் வேறு கைகளோடு இரண்டாம் திட்டமும் தொடங்கிவிட்டது.